குழந்தை நட்சத்திரம் ஸ்ரீதேவி: ‘மூன்றாம் பிறை’ பார்த்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

ஆரையம்பதிப் பக்கம் ஒரு வாசிகசாலையில் மாதம் ஒரு சனிக்கிழமை பழைய படம் போடுகிறோம். சுவரில் வெள்ளைத் துணி, இரவல் புரொஜெக்டர், நாற்பது ஐம்பது கதிரை, முன்னால் சின்னப் பிள்ளைகளுக்குப் பாய். ஸ்ரீதேவியும் கமலும் நடித்த ‘மூன்றாம் பிறை’யை எடுத்த பாலு மகேந்திரா மட்டக்களப்பில் பிறந்தவர் என்பதால் அந்தப் படத்தை மட்டும் நாலு தடவை போட்டுவிட்டோம். நாலு தடவையும் கதிரை அடுக்கும் நேரத்தில் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஸ்ரீதேவியைப் பற்றியவை. நான் பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்திருக்கும் என்று என்னிடமே வருகிறார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஸ்ரீதேவி நம்மட ஊர் ஆளாமே, உண்மையா?

இல்லை. பாலு மகேந்திராவைப் பற்றிக் கேள்விப்பட்டதை ஆட்கள் இவர் மேல் ஏற்றிவிடுகிறார்கள். அவர்தான் இங்கே அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கிற அதே ஊரில், 1939இல் பிறந்தவர். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு இந்தியாவிலேயே தங்கிப் படம் எடுத்தார்.

ஸ்ரீதேவி 1963 ஆகஸ்ட் 13ஆம் தேதி தமிழ்நாட்டில் சிவகாசிக்குப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்தவர். நமக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு இந்த ஒரு படம்தான். அந்தத் தொடர்பே பெரிது என்று நான் நினைக்கிறேன்.

அப்ப தமிழா, தெலுங்கா?

இரண்டும். அப்பா ஐயப்பன் சிவகாசிக்காரர், வழக்கறிஞர். அம்மா ராஜேஸ்வரி திருப்பதிப் பக்கம். வீட்டில் இரண்டு மொழியும் இருந்ததால்தான் சின்ன வயதிலேயே இரண்டு பக்கமும் நடிக்க முடிந்தது.

எத்தின வயசில நடிக்க வந்தவ? ஒருத்தர் ‘கந்தன் கருணை’ எண்டுறார், ஒருத்தர் ‘துணைவன்’ எண்டுறார்.

நாலு வயதில். 1967இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த ‘கந்தன் கருணை’தான் முதல் படம். அதில் பெரிய முருகனாக சிவகுமார் வருவார், பாலமுருகன்தான் ஸ்ரீதேவி. 1969இல் சின்னப்பா தேவர் தயாரித்த ‘துணைவன்’ படத்திலும் முருகன் வேஷம். முதல் படத்தில் கொஞ்ச நேரம்தான் வருவார், ‘துணைவ’னில் பெரிய பாத்திரம். அதனால் அதையே முதல் படம் என்று பலர் மனதில் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் திரையிடலுக்கு வரும் வயதான அம்மாமாரில் சிலர் திருக்கோவில், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போய் வந்தவர்கள். அவர்களுக்கு ஸ்ரீதேவி என்றால் கதாநாயகி முகம் வருவதில்லை. “அந்த முருகன் புள்ள” என்றுதான் சொல்வார்கள்.

முருகன் வேஷம் தவிர சின்னப் புள்ளையா வேற என்ன நடிச்சவ?

நிறைய. ‘பேபி ஸ்ரீதேவி’ என்று பெயர் போடுவார்கள். 1969இல் எம்.ஜி.ஆரோடு ‘நம் நாடு’. 1971இல் சிவாஜியோடு ‘பாபு’: ரிக்‌ஷா இழுக்கிற ஒரு மனிதர், தனக்கு உதவி செய்தவரின் மகளைத் தன் பிள்ளை போல வளர்க்கும் கதை. அந்தப் பிள்ளையின் சின்ன வயதுதான் ஸ்ரீதேவி. அதே 1971இல் மலையாளத்தில் ‘பூம்பாட்டா’ படத்துக்குக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருது கிடைத்தது. அப்போது வயது எட்டுக்கூட ஆகியிருக்குமோ என்னவோ.

தெலுங்கில் 1972இல் ‘படி பந்துலு’. அதில் என்.டி. ராமாராவுக்குப் பேத்தி. இதை ஞாபகம் வைத்திருங்கள், கீழே ஒரு கேள்விக்குத் தேவைப்படும். கன்னடத்திலும் நடித்தார். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் நாலு மொழிப் படங்கள்.

பள்ளிக்கூடம் போகல்லயா அந்தப் புள்ள?

மற்றப் பிள்ளைகள் போகிற மாதிரி ஒழுங்காகப் போகவில்லை. ஷூட்டிங்கும் பள்ளிக்கூடமும் ஒன்றாக ஓட முடியவில்லை. சினிமா தொடர்ந்தது, படிப்பு விடுபட்டது. பள்ளி, கல்லூரி வாழ்க்கையை இழந்ததைப் பற்றிப் பிற்காலப் பேட்டிகளில் அவரே பேசியிருக்கிறார். ஆனால் வருத்தத்தோடு முறையிட்ட மாதிரிப் பேசவில்லை. அதற்குப் பதிலாகத் தனக்குக் கிடைத்ததையும் சேர்த்துத்தான் சொல்வார்.

எனக்கு இது மனதை உறுத்துகிற இடம். இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டது ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி. மற்றவர்கள் விருதையும் படத்தையும் கேட்டபோது அவள் பள்ளிக்கூடத்தைக் கேட்டாள்.

மறுகா எப்ப ஹீரோயின் ஆனவ? இடையில நிப்பாட்டிப் போட்டா வந்தவ?

நிற்கவே இல்லை, அதுதான் விஷயம். 1975இல் இந்தி ‘ஜூலி’யில் கதாநாயகியின் தங்கை. 1976இல் கே. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’வில் கதாநாயகி, கமலும் ரஜினியும் கூட. அந்தக் கதையில் அவருடைய பாத்திரம் ரஜினியின் பாத்திரத்துக்குச் சிற்றன்னையாகவே ஆகிவிடும். ரஜினிக்கு அப்போது 25 வயது, ஸ்ரீதேவிக்கு 13. அடுத்த வருடம் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்தபோது அவருக்கு 14 வயது. தலைப்பில் இருக்கிற வயதுகூட வரவில்லை.

மேலே ‘படி பந்துலு’வை ஞாபகம் வைத்திருக்கச் சொன்னேன். அதில் என்.டி.ஆருக்குப் பேத்தியாக நடித்த பிள்ளை, ஏழு வருடம் கழித்து 1979இல் ‘வேட்டகாடு’ படத்தில் அதே என்.டி.ஆருக்கு ஜோடி.

அது பிழையில்லையா மிஸ்? 13 வயசுப் புள்ளைய எப்படிக் கதாநாயகி ஆக்கினாங்க?

பிழைதான் என்று நான் நினைக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவளுக்கும் 13 வயது. அந்தப் படங்கள் நல்ல படங்கள். ‘16 வயதினிலே’யில் மயில் என்ற பாத்திரமாக அவர் நடித்ததை இன்றைக்கும் பாடத்தில் எடுத்துச் சொல்கிறேன். ஆனால் நல்ல படம் வந்துவிட்டதால் அந்த வயதுப் பிள்ளையைப் பெரிய பெண்ணாகக் காட்டியது சரியாகிவிடாது. இன்றைக்கு இருப்பது போல வேலை நேரம், படிப்பு, பணம் எல்லாவற்றுக்கும் விதி எழுதிவைத்த காலமும் அது அல்ல. அந்த விதிகளைக் கீழே ஒரு கேள்வியில் சொல்கிறேன்.

“அந்தக் காலத்தில் நம் ஊரிலும் அந்த வயதில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள்தானே” என்று ஒரு ஐயா பின்னாலிருந்து சொன்னார். செய்து கொடுத்தார்கள். அதைச் சந்தோஷமாக ஞாபகப்படுத்துகிற அம்மம்மாவை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மூன்றாம் பிறையில ஒரு வளர்ந்த ஆள் எப்படி அப்படிச் சின்னப் புள்ளையா மாற ஏலும்? பயிற்சி எடுத்தவவா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். முதலில் கதை, பார்க்காதவர்களுக்காக: கார் விபத்தில் தலையில் அடிபட்ட ஒரு பெண்ணின் மனது குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. தகாத இடத்தில் அகப்பட்ட அவளை ஒரு பள்ளி ஆசிரியர் (கமல்) மீட்டு மலைநாட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு அவள் விஜி. சுகமான பிறகு அவளுக்கு அவரை அடையாளம் தெரிவதில்லை.

வளர்ந்தவர்கள் குழந்தையாக நடிக்கும்போது வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. மழலைக் குரல் எடுப்பார்கள், கண்ணை உருட்டுவார்கள், கையைக் காலை ஆட்டுவார்கள். பள்ளிக்கூட நாடகப் போட்டிகளில் வருடா வருடம் பார்க்கிறேன். உண்மையான குழந்தை அப்படி இருப்பதில்லை. தான் செய்கிற காரியத்தில் மூழ்கிப்போயிருக்கும். ஸ்ரீதேவி விஜியாக வரும்போது அந்த மூழ்குதல்தான் தெரிகிறது. அந்த நாய்க்குட்டி சுப்பிரமணியைக் கூப்பிடுகிற இடங்களைத் திரும்பப் பாருங்கள்: நாயைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவருக்கு அங்கே இல்லை. கொஞ்சம் முன்னால் கோபித்ததை அடுத்த நிமிடம் மறந்து ஒட்டிக்கொள்வதும் அப்படித்தான். இடையில் ஒரு யோசனை ஓடாது.

படம் வந்தது 1982 பிப்ரவரியில். அவருக்கு அப்போது 18 வயது, ஆனால் காமெராவுக்கு முன்னால் 15 வருடம். தன் குழந்தைப் பருவம் முழுவதையும் குழந்தையாக நடிப்பதிலேயே கழித்த ஒருவர் அவர். விளையாட வேண்டிய வயதில் விளையாடுவது போல நடித்தவருக்கு, 18 வயதில் ஒரு முழுப்படம் நீளத்துக்குக் குழந்தையாக இருக்க அனுமதி கிடைத்தது என்று எனக்குத் தோன்றும். இது என் எண்ணம்தான், அவர் சொன்னது அல்ல. ஆனாலும் அந்த எண்ணத்தோடு பார்த்தால் அந்த ரயில் நிலையக் கடைசிக் காட்சியை விட, நாயோடு விளையாடும் காட்சிகளில்தான் எனக்குக் கண் கலங்குகிறது.

தலையில அடிபட்டா உண்மையாவே அப்படி ஆகுமா?

அநேகமாக ஆகாது. தலையில் பலத்த அடிபட்டால் அடிபடுவதற்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தவைதான் பெரும்பாலும் மறந்துபோகும். பழைய நினைவுகள் கூடுதலாகத் தங்கும். வளர்ந்தவர் நடை, பேச்சு எல்லாவற்றிலும் ஆறு வயதுக்குப் போய்விட்டு, பிறகு ஒரே மருத்துவத்தில் திரும்பி வருவது கதைக்காக வைத்தது. வீட்டில் யாருக்காவது அடிபட்டு நினைவு தடுமாறினால் படத்தை யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அந்தப் படத்துக்குக் கமலுக்கு விருது, பாலு மகேந்திராவுக்கு விருது. அவவுக்கு மட்டும் ஏன் இல்ல?

தேசிய விருதில் கமலுக்குச் சிறந்த நடிகர், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவு. சிறந்த நடிகை விருது அந்த வருடம் ‘அர்த்’ படத்துக்காக ஷபானா ஆஸ்மிக்குப் போனது. ஸ்ரீதேவிக்குத் தமிழ்நாடு அரசின் விருது கிடைத்தது.

தேசிய விருது கடைசியில் வந்தது ‘மாம்’ என்ற இந்திப் படத்துக்கு. 2017இல் வந்த அந்தப் படத்தை அவருடைய 300வது படம் என்று சொல்லி வெளியிட்டார்கள். முதல் படம் வந்து சரியாக 50 வருடம். 2018 ஏப்ரலில் விருதை அறிவித்தபோது அவர் இல்லை. கணவரும் இரண்டு மகள்மாரும்தான் போய் வாங்கினார்கள்.

கமலும் சின்ன வயசில நடிச்சவர்தானே? ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?

கமல் 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் ஐந்து வயதில் வந்தார், ஜனாதிபதி பதக்கமும் வாங்கினார். ஆனால் 1963 அளவில் குழந்தைப் பாத்திரங்கள் நின்றுவிட்டன. பிறகு டி.கே.எஸ். நாடக சபாவில் நடித்தார், நடனம் கற்றார், நடன உதவியாளராக வேலை செய்தார். 1973இல் ‘அரங்கேற்ற’த்தில்தான் திரும்ப நன்றாகத் தெரிய வந்தார். இடையில் பத்து வருடம் ஜனங்கள் அவர் முகத்தை மறக்க நேரம் இருந்தது. அவருக்கும் தன்னை வேறு ஆளாக்கிக்கொள்ள நேரம் இருந்தது.

ஸ்ரீதேவிக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஆகவே ‘மூன்றாம் பிறை’யில் சேர்ந்து நிற்பது, இரண்டு வேறு வழியில் வளர்ந்த இரண்டு குழந்தை நட்சத்திரங்கள். அப்படிப் பார்த்தால் படமே இன்னொரு விதமாகத் தெரியும்.

குழந்தையா நடிச்ச எல்லாரும் பெரியாக்களா ஆனதும் நடிக்கிறாங்களா?

இல்லை, பலர் விலகிவிடுகிறார்கள். நம்மவர்களுக்குத் தெரிந்த உதாரணம் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. இலங்கைப் போரில் தாயைப் பிரிந்த பிள்ளையாக நடித்த கீர்த்தனா அதற்குத் தேசிய விருது வாங்கினார், ஆனால் நடிப்பைத் தொடரவில்லை. காமெராவுக்குப் பின்னால் வேலை செய்யப் போனார். பேபி ஷாலினி கதாநாயகியாகி, கல்யாணத்தோடு விட்டுவிட்டார். விலகியவர்களைத் தோற்றவர்கள் என்று நினைக்கக் கூடாது.

இந்திப் படத்தில பேசுறது அவட குரலா?

தொடக்கத்தில் இல்லை. 1983இல் ‘ஹிம்மத்வாலா’ ஓடிப் பெரிய நட்சத்திரமான பிறகும் இந்தி அவருக்கு வசமாகவில்லை. வேறு ஆட்கள் டப்பிங் பேசினார்கள். ‘ஆக்ரி ராஸ்தா’வில் ரேகா பேசினார். 1989இல் ‘சாந்தினி’யில்தான் தன் குரலில் பேசினார்.

பல படங்களில் குரல் கொடுத்தவர் நாஸ். இவர் யாரென்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1954இல் வந்த ‘பூட் பாலிஷ்’ படத்தின் சின்னப் பெண், பேபி நாஸ். கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டுப் பெற்ற குழந்தை. கதாநாயகியாக அந்த அளவுக்கு உயர அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு குழந்தை நட்சத்திரத்தின் முகத்துக்கு இன்னொரு குழந்தை நட்சத்திரத்தின் குரல்.

கல்யாணம் முடிச்ச பிறகு ஏன் காணல்ல?

1996இல் தயாரிப்பாளர் போனி கபூரைக் கல்யாணம் செய்தார். 1997இல் ‘ஜுதாய்’ வந்தது, மூத்த மகளும் பிறந்தார். பிறகு பெரிய திரையில் 15 வருடம் இல்லை; இடையில் ஒரு டிவி தொடர் மட்டும் செய்தார். 2012இல் ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ மூலம் திரும்பினார்.

நாலு வயதிலிருந்து இடைவிடாமல் வேலை செய்தவர் எடுத்த முதல் நீண்ட லீவு அது என்று நான் சொல்வேன். மூத்த மகள் ஜான்வியின் முதல் படம் வந்தபோது அவருக்கு வயது 21. அந்த வயதில் தாய்க்கு 17 வருட அனுபவம்.

எப்படி மௌத்தானவ? ஏதேதோ சொல்றாங்களே.

காத்தான்குடியிலிருந்து வரும் ராத்தா ஒருவர் கேட்டது. 2018 பிப்ரவரி 24ஆம் தேதி, துபாயில், 54 வயதில் இறந்தார். உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். முதலில் மாரடைப்பு என்று செய்தி வந்தது. பிறகு துபாய் அதிகாரிகள், நினைவிழந்து குளியல் தொட்டியில் மூழ்கிய விபத்து என்று அறிவித்து விசாரணையை முடித்தார்கள். அதற்கு மேல் வீடியோக்களில் சொல்லும் கதைகளைப் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

என்ட மகளும் நல்லா நடிப்பாள். குறும்படத்துக்குக் கேக்கிறாங்க, விடலாமா?

விடலாம், ஆனால் கேட்டுவிட்டு விடுங்கள். இந்தியாவில் 2017இல் வந்த விதிகள் நல்ல அளவுகோல். ஒரு நாளைக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல் பிள்ளை வேலை செய்யக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணிநேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவராவது பொறுப்பாக இருக்க வேண்டும். சம்பாத்தியத்தில் 20 சதவீதமாவது பிள்ளையின் பெயரில் நிலையான வைப்பில் போட வேண்டும். நம் நாட்டிலும் 16 வயது வரை படிப்புக் கட்டாயம். வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயதையும் 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். ஆகவே பள்ளிக்கூட நாளில் ஷூட்டிங் என்றால் மறுத்துவிடுங்கள்.

என் தங்கையின் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். “ஒரு சின்ன ஸீன்தான், ரெண்டு மணிநேரம்” என்று காலை ஏழு மணிக்குக் கூட்டிப் போனார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளை கல்லடிக் கடற்கரை மணலில் வெயிலில் நின்றது, ஒரு சோத்துப் பார்சல் சாப்பிட்டது, அழுகிற காட்சிக்காக அதைப் பேசி உண்மையாகவே அழவைத்திருக்கிறார்கள். எடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல, எனக்குத் தெரிந்த பொடியன்மார்தான். தாயோ தகப்பனோ அங்கே நின்றிருந்தால் இது நடந்திருக்காது. அதனால் நான் முதலில் சொல்வது: கூடவே நில்லுங்கள், நேரத்தை எழுத்தில் வாங்குங்கள், பிள்ளை “போதும்” என்றால் போதும். அழவைத்து எடுப்பது நடிப்பு அல்ல. அதை நாடக டீச்சராகவே சொல்கிறேன்.

பத்து வயசுப் புள்ளைக்கு அவட எந்தப் படத்த முதல் காட்டலாம்?

‘மூன்றாம் பிறை’ வேண்டாம். அந்தப் பெண் அகப்பட்ட இடமும், வேறு சில காட்சிகளும் அந்த வயதுக்கு உரியவை அல்ல. அதை நாங்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் போடுகிறோம். குழந்தை ஸ்ரீதேவியைப் பார்க்க வேண்டுமென்றால் ‘பாபு’ போடுங்கள், கொஞ்சம் அழுவார்கள், பரவாயில்லை.

எல்லாவற்றுக்கும் முதல் ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’. கணவனும் மகளும் கேலி செய்கிற ஒரு அம்மா, ஒருவருக்கும் சொல்லாமல் வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படிக்கிற கதை. பள்ளிக்கூடம் விடுபட்ட பிள்ளை, 49 வயதில் கொப்பியும் பேனையுமாக வகுப்பில் மாணவியாக உட்கார்ந்திருக்கிறார். அடுத்த மாதம் அதைத்தான் போடுகிறோம், தமிழ்ப் பிரதி. அம்மாமாரையும் கூட்டி வாருங்கள், ஆறரைக்குத் தொடங்கும்.